ஒரே மருந்து, ஒரே அளவு, வேறு கூண்டு: ஆம்ஃபெட்டமின் எலிகள் பற்றி ஒரு நிகழ்வு ஆய்வு

ஆம்ஃபெட்டமின் என்ற கிளர்வூட்டும் மருந்து கொடுத்த எலி எவ்வளவு ஓடும், எவ்வளவு சுழலும் என்பதை மருந்தின் அளவுதான் தீர்மானிக்கிறது என்று பாடநூல் சொல்லும். ஒரு கிலோ எடைக்கு இத்தனை மில்லிகிராம், இத்தனை நிமிடத்தில் இத்தனை அசைவு. 1990களின் நடுவில் மிஷிகன் பல்கலைக்கழகத்தில் டெரி ராபின்சன், ஆல்டோ பாடியானி குழுவினர் செய்த ஒரு சோதனை இந்தக் கணக்கில் விடுபட்டிருந்த ஒன்றைக் காட்டியது. ஊசி போடும்வரை அந்த எலி எங்கே குடியிருந்தது என்று கேட்காவிட்டால் மில்லிகிராம் கணக்கு பாதிக் கணக்குதான்.

நான் சிங்கப்பூரில் ஆய்வக விலங்குக் கூடம் ஒன்றில் வேலை பார்ப்பவன். இதைத் தமிழில் விரிவாக எழுதுவதற்கு ஒரு காரணம் உண்டு. போதைப்பொருள் பற்றிப் பேச்சு வந்தால், அது தொண்டூழியர் கூட்டமாக இருந்தாலும் சரி, வாட்ஸ்அப் குழுவாக இருந்தாலும் சரி, யாராவது ஒருவர் ‘எலிப் பூங்கா’ கதையைச் சொல்லாமல் விடுவதில்லை. 1970களின் கடைசியில் கனடாவின் சைமன் ஃபிரேசர் பல்கலைக்கழகத்தில் புரூஸ் அலெக்ஸாண்டர் செய்த சோதனை அது. தனிக் கூண்டில் அடைபட்ட எலிகள் போதைத் தண்ணீரை அதிகம் குடித்தன. விசாலமான இடத்தில், துணையோடு, விளையாட்டுப் பொருள்களோடு வாழ்ந்த எலிகள் குறைவாகக் குடித்தன. அதிலிருந்து கதை ஒரே தாவலில் ‘நல்ல சூழல் இருந்தால் போதை ஒட்டாது’ என்ற முடிவுக்குப் போய்விடும். அலெக்ஸாண்டர் கொடுத்தது மார்ஃபின் என்பதை யாரும் சொல்வதில்லை. மார்ஃபின் மயக்கும் வகை. ஆம்ஃபெட்டமின், கோக்கைன், சிங்கப்பூரில் ‘ஐஸ்’ என்று அறியப்படும் மெத்தாம்ஃபெட்டமின் எல்லாம் கிளர்வூட்டும் வகை. இரண்டு வகையும் சூழலுக்கு ஒரே மாதிரி பதில் சொல்வதில்லை. பின்னால் வந்த ஒரு சோதனையில் இரண்டும் நேர் எதிராகவே பதில் சொல்லின. போதாக்குறைக்கு, எலிப் பூங்காவை மறுபடி செய்து பார்த்தவர்களுக்கு அதே முடிவு சீராகக் கிடைக்கவும் இல்லை.

சோதனை எப்படி அமைந்தது

மிஷிகன் சோதனையின் அழகு அதன் எளிமையில் இருக்கிறது. எலிகளை இரண்டு குழுவாகப் பிரித்தார்கள். முதல் குழு சோதனைக் கூண்டிலேயே குடியிருந்தது. அங்கேயே சாப்பாடு, அங்கேயே தூக்கம், ஊசியும் அங்கேயே. இரண்டாவது குழு வேறு அறையில் குடியிருந்தது. ஊசி போடும் நேரத்தில் மட்டும் அவற்றைத் தூக்கிவந்து சோதனைக் கூண்டில் விட்டார்கள். அந்தக் கூண்டு முதல் குழுவின் கூண்டைப் போலவே இருந்தது. அதே அளவு, அதே வடிவம். ஒருவருக்குப் பூங்கா, இன்னொருவருக்குச் சிறை என்ற பேச்சே இல்லை. வீடா, வந்த இடமா என்பது மட்டும்தான் வேறுபாடு.

அசைவை அளக்க அவர்கள் கையாண்ட உத்தியும் குறிப்பிட வேண்டியது. டோபமைன் என்பது நரம்பணுக்கள் தமக்குள் செய்தி கடத்தும் ஒரு வேதிப்பொருள். எலியின் மூளையில் ஒரு பக்கத்து டோபமைன் நரம்புகளை மட்டும் முன்கூட்டியே ஒரு நச்சுப்பொருளால் அழித்துவிடுவார்கள். அப்படிப்பட்ட எலிக்கு ஆம்ஃபெட்டமின் கொடுத்தால் டோபமைன் ஒரு பக்கத்தில்தான் பெருகும். அதனால் எலி நேராக ஓடாமல், சேதமான பக்கம் நோக்கி வட்டமடிக்கும். எத்தனை சுற்று என்று எண்ணினால் போதும், மருந்தின் வேகம் எண்ணாகக் கிடைத்துவிடும். பார்க்க மனம் சங்கடப்படும் முறைதான், மறுக்கவில்லை. ஆனால் இந்த எண் கண்ணால் பார்த்து ‘கொஞ்சம் துள்ளுகிறது, நிறையத் துள்ளுகிறது’ என்று குறித்துக்கொள்வதைவிட நம்பகமானது.

முடிவு இரண்டு அடுக்காக வந்தது. முதல் ஊசியிலேயே, தூக்கிவரப்பட்ட எலிகள் குடியிருந்த எலிகளைவிட அதிகம் சுழன்றன. அதைவிடப் பெரிய செய்தி அடுத்தடுத்த ஊசிகளில் இருந்தது. கிளர்வூட்டும் மருந்தை இடைவெளி விட்டுவிட்டுத் திரும்பக் கொடுத்தால், அதே அளவுக்கு எலியின் துலங்கல், அதாவது மருந்துக்கு அது காட்டும் பதில், ஒவ்வொரு முறையும் கூடிக்கொண்டே போகும். மருந்து பழகிப்போய் மரத்துவிடுவதற்கு நேர் எதிரான இந்தக் கூர்மையேற்றம்தான், போதை ஏன் நெடுங்காலம் விடாமல் துரத்துகிறது என்ற ராபின்சன்–பெரிட்ஜ் கோட்பாட்டின் அடிக்கல். அவர்கள் அதை முன்வைத்தது 1993இல். அந்தக் கூர்மையேற்றமும் புதிய இடத்தில்தான் பலமாக ஏறியது, வீட்டில் மெதுவாகவே ஏறியது.

இங்கே ஒரு சந்தேகம் எழும். ஊசியே ஒரு நிகழ்ச்சிதானே? கை உள்ளே வருகிறது, பிடிக்கிறது, குத்துகிறது. வீட்டில் இருக்கும் எலிக்கும் அது அமைதியைக் குலைக்கும் காரியம்தான். இந்தச் சந்தேகத்துக்கு விடையாக 1996இல் ஹான்ஸ் கிராம்பாகும் அதே குழுவும் ஊசியையே எடுத்துவிட்டார்கள். இரத்தக்குழாயில் முன்பே பொருத்திய மெல்லிய குழாய் வழியாக, ஆள் அறைக்குள் நுழையாமலே மருந்தைச் செலுத்தினார்கள். எலிக்கு மருந்து வருவது தெரியாது. அப்போது துலங்கல் வெகுவாகச் சுருங்கியது, கூர்மையேற்றமும் பிடிக்கவில்லை. அதே மருந்து, அதே கூண்டு, ஆனால் வருவதை முன்கூட்டி அறிவிக்க ஓர் அடையாளத்தை வைத்தால் துலங்கல் மறுபடி பெரிதானது. மருந்து மூளைக்குப் போய்ச் சேர்ந்தாலும், ‘இப்போது ஏதோ நடக்கிறது’ என்ற செய்தி கூடவே சேர்ந்தால்தான் அது முழு வேகம் எடுக்கிறது. இந்த வரிசையில் எனக்கு மிகவும் பிடித்த சோதனை இதுதான். எதிர்க்கேள்வியை வாதத்தால் அடக்காமல் ஒரு குழாயால் தீர்த்திருக்கிறார்கள்.

தள்ளுவண்டியில் போகும் எலி

‘தூக்கிவந்தார்கள்’ என்று ஒரு சொல்லில் கட்டுரைகள் முடித்துவிடும். வேலை செய்கிறவர்களுக்கு அந்த ஒரு சொல்லில் எவ்வளவு அடங்கியிருக்கிறது என்று தெரியும். குடியிருக்கும் அறையிலிருந்து கூண்டை எடுத்துத் தள்ளுவண்டியில் வைக்கிறோம். தரையின் ஓட்டு இணைப்புகளில் சக்கரம் ஏறி இறங்கும்போது தண்ணீர்ப் புட்டியின் மூக்கில் உள்ள குண்டு கடகடவென்று ஆடுகிறது. மின்தூக்கிக் கதவு திறக்கும் ஓசை நமக்கு ஒரு ‘டிங்’. எலிக்கு நாம் கேட்காத உயர் ஒலிகளும் கேட்கும் என்பதால் அதற்கு அது என்னவாக இருக்கும் என்று யாருக்குத் தெரியும். இந்த ஊரில் வெளி நடைபாதை குறுக்கே வந்தால் இன்னும் மோசம். குளிரூட்டிய அறையிலிருந்து வெளியே வந்ததும் நம் மூக்குக்கண்ணாடி பனித்துப்போகும் அந்த வெக்கையும் ஈரமும் கூண்டுக்குள்ளும் நுழைகிறது.

சோதனை அறைக்கு வந்ததும் துணியை விலக்கிப் பார்த்தால் எலி மூலையில் ஒடுங்கியிருக்கும். மீசை மட்டும் முன்னும் பின்னும் வேகமாகத் துழாவும். புதுப் புழுக்கை நாலைந்து கிடக்கும். அப்புறம்தான் கழுத்தை நீட்டி, பின்கால்களை நகர்த்தாமல், உடலை இழுத்து நீட்டி மோப்பம் பிடிக்கும். எந்த மருந்தும் இன்னும் உள்ளே போகவில்லை. ஆனாலும் அதன் மூளை ஏற்கெனவே ஒரு நிலைக்கு வந்துவிட்டது.

புதிதாகச் சேர்ந்த தம்பி ஒருவர் ஒருமுறை கேட்டார்: “அண்ணே, ரெண்டு கூண்டும் ஒரே கம்பெனி, ஒரே சைஸ். எங்க வச்சு ஊசி போட்டாலும் எலிக்கு என்ன வித்தியாசம் தெரியப்போகுது?”

“தம்பி, உன் மூவறை வீட்டுல இருக்கற அதே அறை, அதே சன்னல் வேற புளோக்லயும் இருக்கு. அங்க போய் முதல் ராத்திரி படுத்தா தூக்கம் வருமா?”

அவர் சிரித்துவிட்டு, “பக்கத்து வீட்டு மீன் குழம்பு வாசமே வேறயா இருக்கும்ண்ணே” என்றார். எலி விஷயத்தில் வாசம்தான் முக்கால்வாசி. தன் சிறுநீர் வாசம் இருக்கும் படுக்கைத்தூள், தன் வீடு. மற்றதெல்லாம் அந்நியம்.

மூளைக்குள் தேடியபோது

வந்த இடத்தில் அதிகம் சுழல்கிறது என்றால் அங்கே அதிக டோபமைன் வெளியாகியிருக்க வேண்டும் என்று யாருக்கும் தோன்றும். அளந்து பார்த்தார்கள். 1998இல் பாடியானி குழு வெளியிட்ட முடிவு அந்த எதிர்பார்ப்பைக் கவிழ்த்தது. ஆம்ஃபெட்டமின் வெளிக்கொண்டுவந்த டோபமைன் அளவில் வீட்டுக்கும் புது இடத்துக்கும் சொல்லும்படி வேறுபாடு இல்லை. வேறுபாடு அதற்கு அடுத்த படியில் இருந்தது. நரம்பணு அண்மையில் வேலை செய்ததற்கு அடையாளமாக சி-ஃபாஸ் என்ற மரபணு விழித்துக்கொள்ளும். புது இடத்தில் மருந்து பெற்ற எலிகளிடம் அந்த அடையாளம் பல பகுதிகளில் பலமாகத் தெரிந்தது. ஸ்ட்ரையேட்டம் என்ற மூளைப் பகுதியில் வீட்டு எலிகளுக்குப் பெரும்பாலும் டி1 வகை டோபமைன் ஏற்பி (டோபமைனைப் பிடித்துக்கொள்ளும் மூலக்கூறு) கொண்ட அணுக்கள்தான் விழித்தன. புது இடத்து எலிகளுக்கு டி2 வகை அணுக்களும் சேர்ந்து விழித்தன.

‘டோபமைன் அதிகமானால் போதை அதிகம்’ என்று யூடியூபில் விளக்கம் தருகிறவர்கள் இந்த ஒரு கட்டுரையையாவது படித்தால் நன்றாக இருக்கும். கொட்டிய டோபமைன் ஒன்றுதான். கேட்கிற அணுக்கள்தான் வேறு.

எண் குறைந்தால் அமைதி என்று பொருளா

அசைவை எண்ணும் வேலையில் ஒரு பெரிய குழி உண்டு. கூண்டின் குறுக்கே அகச்சிவப்புக் கதிர்களை ஓடவிட்டு, எலி எத்தனை முறை கதிரை வெட்டுகிறது என்று கருவி எண்ணும். குறைந்த அளவு ஆம்ஃபெட்டமினில் எலி கூண்டு முழுக்க ஓடும், எண் ஏறும். அளவைக் கூட்டினால் ஒரு கட்டத்துக்குப் பிறகு எண் சட்டென்று இறங்கும். தாளை மட்டும் பார்க்கிறவர் ‘மருந்து எலியை அமைதிப்படுத்துகிறது’ என்று எழுதிவிடலாம். எலியைப் பார்த்தால் கதை வேறு. ஒரே மூலையில் நின்றுகொண்டு, தலையை மேலும் கீழும் ஆட்டி, கம்பியை விடாமல் மோந்து, நக்கி, கடித்துக்கொண்டிருக்கும். சாப்பாடு பக்கத்தில் இருந்தும் திரும்பிப் பார்க்காது. 1975இல் லயனும் ராபின்சும் இதற்கு ஒரு சுருக்கமான விளக்கம் கொடுத்தார்கள்: அளவு ஏற ஏற, எலி செய்யும் செயல்களின் வகை குறையும், மிஞ்சிய செயலின் வேகம் கூடும். கடைசியில் ஒரே ஒரு செயல்தான் மிஞ்சும்.

ஆகவே சூழலின் பாதிப்பை ஆராய்கிறவர்கள் கருவியின் எண்ணோடு நிற்கக்கூடாது. ஒளிப்பதிவைப் பார்த்தாக வேண்டும். அலுப்பான வேலை, தெரியும். ஒரு மணி நேர ஒளிப்பதிவில் எலி ஒரே கம்பியைக் கடிப்பதைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டியிருக்கும். ஆனால் வேறு வழி இல்லை.

தானே எடுத்துக்கொள்ளும்போது

இதுவரை சொன்னது நாம் மருந்து கொடுத்தபோது நடந்தது. எலியே நெம்பியை அழுத்தி எடுத்துக்கொள்ளும்படி விட்டால்? பாடியானி ரோம் நகரின் சப்பியென்சா பல்கலைக்கழகத்துக்குச் சென்ற பிறகு, டானியேலே கப்ரியோலி முதலானவர்களோடு சேர்ந்து இதைச் செய்தார். அமைப்பு அதேதான். ஒரு குழு நெம்பி உள்ள கூண்டிலேயே குடியிருந்தது. இன்னொரு குழு நெம்பி நேரத்துக்கு மட்டும் அங்கே கொண்டுவரப்பட்டது. 2007, 2008 கட்டுரைகளில் வந்த முடிவு: கோக்கைனையும் ஆம்ஃபெட்டமினையும் தூக்கிவரப்பட்ட எலிகள்தான் அதிகம் எடுத்துக்கொண்டன. ஹெராயினில் இது தலைகீழ். குடியிருந்த எலிகள்தான் அதிகம் எடுத்தன.

2009இல் இன்னும் ஒரு படி போனார்கள். ஒரே எலிக்குக் கோக்கைன், ஹெராயின் இரண்டையும் பழக்கி, எது வேண்டும் என்று தேர்ந்தெடுக்க விட்டார்கள். வீட்டு எலிகள் ஹெராயின் பக்கமும், வந்த எலிகள் கோக்கைன் பக்கமும் சாய்ந்தன. அதே கட்டுரையில் ரோமில் சிகிச்சைக்கு வந்திருந்த மனிதர்களிடமும் கேட்டார்கள். இரண்டையும் பயன்படுத்தியவர்களில் பெரும்பாலோர் ஹெராயினை வீட்டிலும் கோக்கைனை வெளியிலும் எடுத்ததாகச் சொன்னார்கள்.

பாடியானியின் விளக்கம் பொருத்தம் பற்றியது. கிளர்வூட்டும் மருந்து இதயத்தை வேகமாகத் துடிக்கவைக்கிறது, உடலை உசுப்பிவிடுகிறது. பரபரப்பான இடத்தில் அந்த உடல்நிலை இடத்தோடு ஒத்துப்போகிறது. அமைதியான வீட்டில் அதே படபடப்பு உறுத்துகிறது. ஹெராயினின் தளர்ச்சி வீட்டுக்குப் பொருந்தும், விழிப்பாக இருக்க வேண்டிய இடத்தில் இடறும். இது கருதுகோள்தான், முடிந்த முடிவல்ல. ஆனாலும் எலிப் பூங்காவை ஒட்டுமொத்தமாக எல்லாப் போதைக்கும் பொருத்துகிறவர்கள் பதில் சொல்ல வேண்டிய கேள்வி இதற்குள் இருக்கிறது: எந்த மருந்துக்கு எந்தச் சூழல்?

வளமான சூழல் பயனற்றது என்று நான் சொல்லவில்லை. கென்டக்கி பல்கலைக்கழகத்தில் மைக்கேல் பார்டோ குழு 2001இல் காட்டியபடி, துணையும் பொருள்களும் நிறைந்த கூண்டில் வளர்ந்த எலிகள் தனியாக வளர்ந்தவற்றைவிடக் குறைவான ஆம்ஃபெட்டமின் எடுத்தன. ஆனால் அந்த வேறுபாடு மருந்தின் அளவு குறைவாக இருந்தபோதுதான் தெளிவாகத் தெரிந்தது. வளமான வளர்ப்பு ஒரு கவசம்தான், ஆனால் அதற்கு ஒரு தாங்கும் எல்லை உண்டு.

துணையும் வெப்பமும்

‘துணை நல்லது’ என்பதும் கிளர்வூட்டும் மருந்தில் அவ்வளவு நேரானது அல்ல. 1946இல் மைக்கேல் சான்ஸ் என்ற ஆய்வாளர், ஆம்ஃபெட்டமின் கொடுத்த சுண்டெலிகளைத் தனியாகவும் கூட்டமாகவும் வைத்துப் பார்த்தார். தனியாக இருந்தபோது தாங்கிக்கொண்ட அளவைவிட மிகக் குறைந்த அளவிலேயே கூட்டத்தில் இருந்தவை செத்தன. நெரிசல், ஒன்றையொன்று உசுப்புவது, ஏறும் உடல் வெப்பம் எல்லாம் சேர்ந்து கொன்றன.

இதன் எதிர்முனையில் 2018இல் அமெரிக்காவில் மார்கோ வெனிரோ, யாவின் ஷஹாம் குழு செய்தது இருக்கிறது. மெத்தாம்ஃபெட்டமின் எடுத்துப் பழகிய எலிகளுக்கு இரண்டு நெம்பி கொடுத்தார்கள். ஒன்று மருந்து தரும், மற்றது பக்கத்து எலியிடம் போகும் கதவைத் திறக்கும். எலிகள் கதவைத்தான் தேர்ந்தெடுத்தன. கதவு திறக்கத் தாமதமானாலோ, அதைத் தொட்டால் காலில் மின் அதிர்ச்சி வந்தாலோ மட்டும் மருந்துப் பக்கம் திரும்பின. சான்ஸின் சுண்டெலிகள் தப்பிக்க வழியில்லாமல் கூட்டத்தில் மாட்டியிருந்தன. வெனிரோவின் எலிகள் வேண்டியபோது கதவைத் திறந்துகொண்டன. துணை என்று ஒரே சொல்லில் இரண்டையும் அடக்கிவிடக் கூடாது.

வெப்பம் நம் ஊர்க்காரர்கள் கவனிக்க வேண்டியது. ஆம்ஃபெட்டமின் குடும்பத்தைச் சேர்ந்த எம்டிஎம்ஏவை (‘எக்ஸ்டசி’) எலிகளுக்குக் கொடுத்து, மால்பெர்க், சைடன் என்ற ஆய்வாளர்கள் அறை வெப்பத்தை 20 டிகிரியிலிருந்து 30 டிகிரிவரை இரண்டிரண்டு டிகிரியாக ஏற்றினார்கள். கட்டுரை 1998இல் வந்தது. குளிர்ந்த அறையில் எலியின் உடல் வெப்பம் இறங்கியது. 28, 30 டிகிரியில் ஏறியது, மூளையில் செரட்டோனின் என்ற இன்னொரு செய்தி கடத்தும் வேதிப்பொருளைக் கையாளும் நரம்புகளுக்கு நேர்ந்த சேதமும் கூடவே பெருகியது. ஐரோப்பாவில் 30 டிகிரி என்பது கோடைச் செய்தி. சிங்கப்பூரில் அது பகல் நேரத்து வாசல். குளிரூட்டி ஓர் இரவு நின்றுபோனால் விலங்கு நலனுக்கு மட்டுமல்ல, முடிவுக்கும் கேடு. அறை வெப்பத்தைத் தானாகப் பதிவு செய்யும் கருவியின் தாளைச் சோதனைக் குறிப்போடு சேர்த்துக் கட்டாமல் கோப்பை மூடுகிறவர்களை எனக்குப் பிடிக்காது.

சிங்கப்பூர்க் கோப்பில் என்ன எழுதுகிறோம்

இங்கே விலங்கு ஆய்வுக்கு 2004 முதல் தேசிய வழிகாட்டி உண்டு. ஒவ்வொரு திட்டத்தையும் நிறுவனத்தின் விலங்கு பராமரிப்புக் குழு பார்த்து ஒப்புதல் தர வேண்டும். போதைப்பொருள் தவறாகப் பயன்படுத்தல் சட்டம் 1973இலிருந்து இருப்பதால், ஆய்வுக்கு வரும் கட்டுப்படுத்தப்பட்ட மருந்தும் அனுமதி, பூட்டு, பதிவேடு என்று கறாராகக் கணக்கு வைக்கப்படும். எடுத்த மில்லிகிராமுக்கு ஒரு வரி, மீதிக்கு ஒரு வரி. அதே கறார் கூண்டு பற்றிய குறிப்பில் இருக்காது. ‘விலங்குகள் சோதனை அறைக்குக் கொண்டுவரப்பட்டன’ என்ற அளவில் நின்றுவிடும். எப்போது, எப்படி, எவ்வளவு நேரம் பழகவிட்டு, ஊசி போட்டவர் யார் என்பதெல்லாம் காற்றோடு போய்விடும்.

இது வீண் பிடிவாதம் இல்லை என்பதற்கு 1999இல் ஜான் கிராப், டக்ளஸ் வால்ஸ்டன், புரூஸ் டுடெக் மூவரும் ஒரு சாட்சி கொடுத்தார்கள். போர்ட்லண்ட், எட்மன்டன், ஆல்பனி என மூன்று ஊர்களில் ஒரே வகைச் சுண்டெலிகள், ஒரே கருவிகள், ஒரே நேரத்தில் ஒரே சோதனைகள். கோக்கைன் கொடுத்து அசைவை அளப்பதும் அவற்றில் ஒன்று. முடிந்தவரை எல்லாவற்றையும் ஒன்றுபோல் வைத்தும் ஊருக்கு ஊர் முடிவு மாறியது. எட்மன்டனில் சோதனை செய்த ஒருவருக்குச் சுண்டெலி ஒவ்வாமை கடுமையாக இருந்ததால் அவர் சுவாசக் கவசம் மாட்டிக்கொண்டே வேலை பார்த்தார் என்று அந்தக் கட்டுரையிலேயே குறித்திருக்கிறார்கள். அந்த நேர்மைக்கு ஒரு வணக்கம்.

ரோம் முடிவை அப்படியே எடுத்து சிங்கப்பூரில் ஐஸ் பயன்படுத்துகிறவர் மேல் ஒட்டுவது தவறு. அண்மை ஆண்டுகளில் இங்கே கைதாகும் போதைப் புழங்கிகளிடம் அதிகம் காணப்படுவது ஐஸ்தான். ஆனால் பிடிபட்டால் என்ன ஆகும் என்று எல்லோருக்கும் தெரிந்த ஊரில், ‘வெளியிடம்’ என்பதற்கு ரோமில் உள்ள பொருள் இருக்க முடியாது. எலியிடமிருந்து எடுத்துக்கொள்ளக் கூடியது கேள்வியின் வடிவம் மட்டும்: மறுவாழ்வு முடிந்து வருகிறவரிடம் எதைப் பயன்படுத்தினீர்கள் என்பதோடு, எங்கே, யாரோடு, என்ன நேரத்தில் என்றும் கேட்பது.

தம்பி விடவில்லை. “அப்போ எலியை எங்க வச்சு சோதிக்கறது சரி? வீட்டுலயா, தூக்கிட்டு வந்தா?” மருந்து மட்டும் என்ன செய்கிறது என்று அறிய வேண்டுமானால் வீட்டிலேயே, ஆள் நுழையாமல், குழாய் வழியாக. மருந்தும் இடமும் சேர்ந்து என்ன செய்கிறது என்று அறிய வேண்டுமானால் இரண்டு குழுவும் வேண்டும், ஒன்றை விட்டுவிடக் கூடாது. “ரெண்டு குழுன்னா எலியும் ரெண்டு மடங்கு, செலவும் ரெண்டு மடங்கு” என்றார் அவர். ஆமாம். குறைந்த எலிகளைப் பயன்படுத்து என்று விலங்கு பராமரிப்புக் குழு அதே நேரத்தில் சொல்லிக்கொண்டிருக்கும். அந்த இழுபறி எங்கள் அடுத்த விண்ணப்பத்திலும் இருக்கிறது.